தோள் எங்கை இருக்கு?
யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைகளில் நடனம் நுழைந்த கதை

எமது பிரதான மண்டபத்தின் சுவரில், முன்னாள் அதிபர்களின் படங்களுக்குக் கீழே, கரையான் அரித்த சட்டத்துக்குள் ஒரு புகைப்படம் தொங்கியது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சட்டை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியிருப்பார்கள். ஒருத்தியின் கையேனும் ஓர் அங்குலம் ஏறியோ இறங்கியோ இராது. எதிர்ச் சுவரில் பிற்காலத்து வண்ணப்படம் ஒன்று. பரிசளிப்பு விழா மேடையில் எட்டுப் பிள்ளைகள் அரைமண்டியில் இருக்கிறார்கள். அங்கும் கைகள் ஒரே நேர்கோட்டில்தான். நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது இந்த இரண்டு படங்களும்தான் என் கண்முன் வந்தன.

நான் வரலாறு படித்தவள் அல்ல. குடாநாட்டு வைத்தியசாலை ஒன்றில் நாரி நோ, முழங்கால் நோ, கழுத்து நோ என்று வருபவர்களைப் பார்ப்பதிலேயே என் பெரும்பகுதி நேரம் போகிறது. வருபவர்களில் பெண்களே அதிகம். ஆகவே எமது பெண்கள் பாடசாலைகளின் வரலாற்றையும் அந்தக் கதிரையில் இருந்தபடியே பார்க்கிறேன். இந்தப் பாடசாலைகள் பெண்பிள்ளையின் உடம்புக்கு என்ன சொல்லிக் கொடுத்தன?

முதலாவது படத்திலிருப்பது டிறில். 1813இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் பேர் ஹென்றிக் லிங் என்பவர் ஆரம்பித்த உடற்பயிற்சி நிலையத்திலிருந்து பரவிய முறை அது. 1909இல் பிரித்தானியக் கல்விச் சபை தனது பாடசாலைகளுக்கென வெளியிட்ட உடற்பயிற்சிப் பாடத்திட்டமும் இந்தச் சுவீடன் முறையைத் தழுவியதுதான். பிரித்தானியர் ஆண்ட நாடுகளின் பாடசாலைகளில் எல்லாம் இது பரவியது. கட்டளை வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவார்கள், அடுத்த கட்டளை வரும்வரை அப்படியே நிற்பார்கள். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதைச் சிறு விடயம் என்று சொல்ல முடியாது. வெளியே போகும்போது தலை குனிந்து போக வேண்டிய பிள்ளை, மைதானத்தின் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக் கையை விரித்து நின்றாள். எங்கள் பாட்டிமாரின் தலைமுறைக்கு அதுவே பெரிய காற்று. இன்றும் ஆரம்பப் பிரிவு விளையாட்டுப் போட்டியில் ‘இசையும் அசைவும்’ என்று பிள்ளைகள் வளையமும் ரிபனும் பிடித்து ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய படம்தான் ஞாபகம் வரும்.

டிறில் பாடசாலைப் படலையால் நேராக உள்ளே வந்தது. நடனம் அப்படி வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் நடனம் இல்லாமல் இருக்கவில்லை. கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்கள் இரவிரவாக ஆடினார்கள். பெரிய மனிதர்கள் முன்வரிசையில் இருந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, தங்கள் பெண்பிள்ளைகளின் காதில் அந்தச் சொல்லே விழக்கூடாது என்று நினைத்தார்கள். கோயில்களில் இந்த ஆட்டம் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆறுமுகநாவலர் கடுமையாகக் கண்டித்தார். கிறிஸ்தவ மிசனரிமாரும் அதையே சொன்னார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் ஒத்துப்போன விடயம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். சங்கீதம் படிப்பது பெண்ணுக்கு அழகு என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஊன்றியது. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை உருவானது. பாடலாம், வீணை வாசிக்கலாம்; இருந்த இடத்தில் இருந்தே செய்யக்கூடியவை அவை. எழும்பி ஆடுவதற்கு இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதவு சென்னையில் திறந்தது. இந்தக் கதையில் எனது தொழிலைச் சேர்ந்த ஒருவர் முக்கியமான இடத்தில் நிற்கிறார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து வைத்தியராக வெளிவந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராக வாதாடினார். அவரது தாயாரே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட சிறுமிகளுக்கு என்ன நடந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த முறையைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதே காலத்தில் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றவர்கள் அந்த நடனம் அழியக்கூடாது என்று வாதாடினார்கள். 1935இன் இறுதியில் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில், ருக்மிணி தேவி மேடையேறி ஆடினார். அடுத்த ஆண்டே கலாஷேத்திராவைத் தொடங்கினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்றதை அவர் ஒழுங்குபடுத்தினார், உடையை மாற்றினார், சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியைக் கூட்டினார். இந்தத் ‘தூய்மைப்படுத்தலை’ ஏற்காத பாலசரஸ்வதி அம்மையார், சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எமது பாடசாலைகளுக்கு வந்தது பெரும்பாலும் ருக்மிணி தேவியின் வழியில் வந்த நடனம். அந்த வழியில் வந்ததனால்தான் வர முடிந்தது என்றும் சொல்ல வேண்டும். 1934இல் தாகூர் சாந்திநிகேதன் மாணவர்களோடு இலங்கைக்கு வந்து ‘சாபமோசன்’ நாட்டிய நாடகத்தை மேடையேற்றியதும், படித்த குடும்பத்துப் பிள்ளைகள் ஆடலாம் என்ற எண்ணத்தை இந்நாட்டில் விதைத்தது. இங்கே கொக்குவிலில் ஏரம்பு சுப்பையா அவர்கள் நடத்திய கலாபவனம், தயங்கி நின்ற பெற்றோரையும் பிள்ளைகளைக் கூட்டிவர வைத்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரில் இசைக்கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்த நாட்களை எங்கள் அம்மாக்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே நடனம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் ஆசிரியைகளாக வந்தார்கள். 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு அழகியற் கல்வி பொதுப் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டதால் நேரசூசியில் அவர்களுக்கு இடமும் இருந்தது. நாற்பது ஆண்டுகளில், படலைக்கு வெளியே நின்ற கலை சாதாரணதரப் பரீட்சைப் பாடமாகிவிட்டது.

படலைக்கு வெளியே நின்ற பெண்கள் உள்ளே வரவில்லை. சின்னமேளத்தில் ஆடிய ஒருத்தியின் பெயரைக்கூட நான் எந்தப் பாடசாலை மலரிலும் கண்டதில்லை. கலையை வாங்கிக்கொண்டு, அதைச் சுமந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். நூறு வருடக் கணக்குப் பார்க்கும்போது இதையும் ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சந்தேகத்தைத் தாண்டி வந்த கலை என்பதால், பாடசாலையில் அது மிகவும் கவனமாகத்தான் நடந்துகொண்டது. நடன அறையில் நடராசர் இருந்தார். ஆசிரியை முழுக்கைச் சட்டையும் பருத்திச் சேலையுமாக வருவார். கலை என்று பேசுவோம், பக்தி என்று பேசுவோம், பாரம்பரியம் என்று பேசுவோம். உடம்பு என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெரியபிள்ளையான கையோடு நடனத்தை நிற்பாட்டிய வீடுகள் என் வகுப்பிலேயே மூன்று இருந்தன. சாமத்தியச் சடங்கு வீடியோவில் அந்தப் பிள்ளை அலாரிப்பு ஆடுவாள். அதற்குப் பிறகு ஆடமாட்டாள். மாதத்தில் மூன்று நாட்கள் நாங்கள் விறாந்தையில் இருந்தபடி யன்னலால் பார்ப்போம். ஏன் வெளியே இருக்கிறோம் என்று யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

நான் தரம் நான்கில், 1989இல், நடனத்துக்குச் சேர்ந்தேன். எங்கள் ரீச்சர் கெட்டிக்காரி. தட்டுக்கழியின் ஓசையிலேயே யாருடைய கால் பிந்துகிறது என்று கண்டுபிடிப்பார். அவருடைய குரல் இப்போதும் காதில் கேட்கிறது. “தோளை இறக்கும் பிள்ளை.” “முழங்காலை விரியும்.” “இன்னும் இரும், இன்னும் இரும்.” நாங்கள் இறக்கினோம், விரித்தோம், இருந்தோம். சங்கீத சபைப் பரீட்சைக்கு அபிநய தர்ப்பணத்தில் வரும் ஒன்பது சிரபேதங்களையும், எட்டுத் திருஷ்டி பேதங்களையும், நான்கு கிரீவா பேதங்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்போம். கழுத்தின் நான்கு அசைவுகளுக்கும் சமஸ்கிருதப் பெயர் தெரிந்த எங்களுக்கு, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படித்தபோதுதான், தலையாட்டும் மூட்டு பிடரியில் அல்ல, இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருக்கிறது என்றும், தலையைத் திருப்பும்போது ஏறக்குறையப் பாதித் திருப்பம் முதலிரு கழுத்து எலும்புகளுக்கு இடையிலேயே நடந்துவிடுகிறது என்றும் அறிந்தேன். அன்று இரவு விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று கழுத்தை மெதுவாக அசைத்துப் பார்த்தேன். ஆறு வருடம் நடனம் படித்தவளுக்கு அப்போதுதான் ‘சுந்தரி’ வந்தது.

இதற்கிடையில் வந்தது 1995. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை எங்களுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தது. தென்மராட்சியில், இன்னொரு பாடசாலையின் வளவில், பின்னேரங்களில் எங்கள் பாடசாலை நடந்தது. சலங்கைகளை எல்லோரும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். எனக்கு வயது பதினைந்து. என் வகுப்பில் ஒருத்தி வழியிலே தன் பாட்டியை இழந்திருந்தாள். இன்னொருத்தி பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அந்த மாமரத்தின் கீழே நாடகம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரும் இடம்பெயர்ந்தவர்தான். நடனமா, நாடகமா, விளையாட்டா என்று சொல்ல முடியாத ஒன்றை எங்களோடு செய்தார். முதல் நாள் எங்களைப் பாயில் படுக்கச் சொன்னார். பெரிய பிள்ளைகள், ஆண் ஆசிரியர் முன்னால் படுப்பதா என்று நாங்கள் நெளிந்தோம். எங்கள் நடன ரீச்சரே முதலில் வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தார். அதற்குப் பிறகு நாங்களும் படுத்தோம். தூரத்தில் ஹெலியின் சத்தம் கேட்டது. ஆசிரியர் சொன்னார்: “உங்கட தோள் இப்ப எங்கை இருக்கு எண்டு பாருங்கோ. மாத்த வேண்டாம். பாத்தாக் காணும்.”

என்னுடைய தோள்கள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனை நாளாக அங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக ‘தோளை இறக்கும்’ என்ற கட்டளையைக் கேட்டு வந்தவளிடம், தோள் எங்கே இருக்கிறது என்று முதன்முறையாக ஒருவர் கேட்டார். அது இறங்கியது. நான் இறக்கவில்லை, தானாகவே இறங்கியது. பக்கத்துப் பாயில் இருந்தவள் அழத் தொடங்கினாள். யாரும் அவளை நிற்பாட்டவில்லை.

அவர் செய்தது தனிமனிதரின் கற்பனை அல்ல என்பது பின்னாளில்தான் விளங்கியது. அதற்கு எமது மண்ணிலேயே ஒரு வரலாறு இருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியபோது, வசனத்தை மனனம் செய்து ஒப்புவிக்கும் நாடகத்திலிருந்து விலகி, நடிகரின் உடலையும் மூச்சையும் பயிற்றும் களப்பயிற்சிகள் யாழ்ப்பாணத்தில் பரவத் தொடங்கின. விளையாட்டிலிருந்து நாடகம் செய்யும் சிறுவர் அரங்கு பாடசாலைகளுக்குள் வந்தது. அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் குடாநாட்டை உலுக்கியது. மேடையில் இருந்தவர்கள் பேசியதைவிட அவர்களது உடல்கள் சேர்ந்து அசைந்ததைத்தான் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். யுத்தம் மனத்தில் ஏற்படுத்திய காயத்தைப் பேசிய ‘அன்னை இட்ட தீ’ அதன் பின் வந்தது.

அதே காலத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் அவர்கள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். யுத்தத்தின் உளப் பாதிப்புப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. எங்கள் சனம் மனத்தின் பாரத்தை உடம்பின் மொழியில் சொல்லும் என்பதை அவர் தொடர்ந்து எழுதினார். நெஞ்சு எரியுது, கை கால் விறைக்குது, தலைக்குள்ளே ஏதோ ஊருது என்றுதான் வருவார்கள். அப்படி வருபவர்களுக்குக் குளிசையோடு மட்டும் நிற்காமல், அவரவர் சமயத்துக்கேற்ற செபமோ மந்திரமோ, மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் என்று இந்த மண்ணுக்குப் பழகிய தளர்வுப் பயிற்சிகளை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கற்பித்தார்கள். அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசைத்தளர்வு முறையும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. சாந்திகம் போன்ற நிலையங்களில் பயிற்சி பெற்றவர்கள் ஊர்களுக்கும் பாடசாலைகளுக்கும் போனார்கள்.

இது வேலை செய்ததா? வைத்தியர் என்ற முறையில் அதைக் கேட்காமல் விட முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. யுத்தத்தாலும் கடலாலும் பாதிக்கப்பட்ட, 8 முதல் 14 வயதான 31 பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடந்ததை ஆலோசகரிடம் வரிசையாகச் சொல்லும் சிகிச்சையைப் பெற்றது. மற்றக் குழு தியானமும் தளர்வும் பெற்றது. இரண்டுக்கும் ஆறு அமர்வுகள்; நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதங்களின் பின் முதற்குழுவில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் மீண்டிருந்தார்கள். புள்ளிவிபர ரீதியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 31 என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிடுவதற்குச் சிகிச்சையே பெறாத குழுவும் இருக்கவில்லை. ஆகவே இதை வைத்துக்கொண்டு நான் பெரிதாக முழங்க மாட்டேன். ஆனால் மாமரத்தின் கீழ்ப் பாயில் படுத்தவள் என்ற முறையில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உடல் தான் எங்கே இருக்கிறது என்று தானே அறியும் இந்தப் புலனுக்கு, 1906இல் ஆங்கிலேய உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் பெயர் வைத்தார். ஐம்புலன்களில் சேராத புலன் அது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அதனால்தான். தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்கருவிகள் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறு பகுதியையே நாம் கவனிக்கிறோம். கவனத்தைப் பயிற்றினால் கூடக் கவனிக்கலாம். இதை வைத்தே மேற்கில் அசைவுக் கல்வி ஒன்று வளர்ந்தது. மேடையில் குரல் கட்டிப்போன நடிகர் அலெக்சாண்டர், தன் கழுத்தைத் தானே கவனித்து ஒரு முறையை உருவாக்கினார். முழங்கால் காயப்பட்ட விஞ்ஞானி ஃபெல்டன்கிரைஸ் இன்னொன்றை உருவாக்கினார். இவையெல்லாவற்றுக்கும் பொதுவாக 1976இல் தோமஸ் ஹானா ‘சோமற்றிக்ஸ்’ என்று பெயரிட்டார். உடலை வெளியிலிருந்து பார்க்காமல் உள்ளிருந்து உணர்வது என்பது பொருள். சென்னையில் சந்திரலேகா, 1985இல் ‘அங்கிகா’வில், பரதத்தை யோகத்தோடும் களரியோடும் சேர்த்து வைத்து, நகையும் நாணமும் களைந்த உடலை மேடையில் காட்டினார். அரைமண்டி எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்ட கேள்வி, எனக்கு ஒரு வைத்தியரின் கேள்வி போலவே படுகிறது.

அரைமண்டி இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். தொடை எலும்பு தன் கிண்ணத்துக்குள் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். எவ்வளவு திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கிண்ணம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பிறப்புத் தீர்மானிக்கிறது. இடுப்பு விட்டுக்கொடுக்காத பிள்ளையிடம் ‘இன்னும் விரியும்’ என்றால், அவள் பாதத்தை மட்டும் திருப்பி வைப்பாள். அப்போது முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். உள்ளங்கால் வளைவு சரியும். நாரி உள்ளே வளையும். மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அழகான அரைமண்டிதான். சீமெந்து நிலத்தில், வெறுங்காலோடு, வாரம் மூன்று நாள் அதைத் தட்டினால் நோ வராமல் என்ன செய்யும்? அந்தப் பிள்ளைக்குள்ளே இது பிழை என்று சொல்லும் புலன் இருக்கிறது. அதைக் கேட்கலாம் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நோவைத் தாங்குவதுதான் ஒழுக்கம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

புலம்பெயர்ந்த சகோதரிகளுக்கும் இது பொருந்தும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எமது பழைய மாணவியர் பலர் நடனப் பள்ளி நடத்துகிறார்கள். இன்னும் பலர் மகளுக்கு அரங்கேற்றம் வைக்கிறார்கள். கலியாணக் காட்டைவிடப் பாரமான அழைப்பிதழ்கள் எனக்கும் வந்து சேர்கின்றன. இரண்டரை மணித்தியாலம் தனியாக ஆடும் பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அடுத்த நாள் காலையில் அவள் படியிறங்கும்போது கைபிடியைப் பிடிக்கிறாளா என்பதையும் அம்மாமார் ஒருக்காப் பாருங்கோ.

புலன் போனபின் அதன் அருமை தெரியும் என்பதற்கும் எம்மிடையே சாட்சிகள் உண்டு. யாழ் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் ஆரம்பிக்கப்பட்டது. மிதிவெடியில் காலிழந்த எத்தனையோ பேர் அங்கே செயற்கைக் கால் பெற்று நடந்தார்கள். 1981இல் விபத்தில் வலது காலை இழந்த சுதா சந்திரன், அதே ஜெய்ப்பூர்க் காலோடு 1984இல் மீண்டும் பரதம் ஆடியதை நாங்கள் படமாகப் பார்த்தோம். செயற்கைப் பாதம் நிலத்தை உணராது. நிலம் சரிவா, மணலா, கல்லா என்பதைக் காலின் மீதிப்பகுதியால் அறியப் பழக வேண்டும். நான் பயிற்சிக்கால வைத்தியராக இருந்தபோது காலிழந்த ஒரு அக்கா சொன்னார்: “தங்கச்சி, காலிருக்கேக்கை நான் ஒருநாளும் கீழை பாத்து நடக்கேல்லை. இப்ப பாக்காமலே நிலம் தெரியுது.”

என் நடன ரீச்சர் மூன்று வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். அவரிடம் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன். வயது எழுபத்து மூன்று. இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருந்தன. எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முதலில் அவர் தன்னுடைய காலைப் பற்றிக் கேட்கவில்லை.

“பிள்ளை, நான் உங்கள் எல்லாருக்கும் பிழையாச் சொல்லித் தந்திட்டனோ?”

முழங்கால் தேய்வதற்கு வயது, நிறை, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு, ஆடாதவர்களுக்கும் தேயும், நடனத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதைச் சொன்னேன். அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது அது அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவர் எங்களுக்குத் தனக்குக் கிடைத்ததை, தட்டுக்கழி உடையும்வரை, ஒளிக்காமல் தந்தார். மாமரத்தின் கீழ் முதலாவதாகப் பாயில் படுத்ததும் அவர்தான். நான் பேசாமல் அவருடைய காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தேன். பிறகு, கட்டிலில் படுத்தபடியே, வலது குதி எங்கே படுகிறது, இடது குதி எங்கே படுகிறது என்று கவனிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் நெடுநேரம் இருந்தார். “வலது பக்கம் கனம் கூட” என்றார். “இது எத்தினை வருசமா இப்பிடி இருக்கு?” என்று என்னையே கேட்டார்.

போன வருடம் சுகாதார வாரத்தில் பேசுவதற்காகப் பாடசாலைக்குப் போயிருந்தேன். பேச்சு முடிந்து, பின்பக்கமாகப் பழைய நடன அறை வழியே வந்தேன். புதிய ரைல்ஸ் நிலம். நடராசர் அதே மூலையில் இருந்தார். விறாந்தையில் யாரும் ஒதுங்கி இருக்கவில்லை. இளம் ஆசிரியை, எமது பழைய மாணவிதான், தரம் எட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டடவு போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கழியை நிறுத்தினார்.

“கண்ணை மூடுங்கோ. பாரம் எங்கை இருக்கு? குதியிலையா, விரலிலையா?”

“இடது காலிலை கூட, மிஸ்” என்றாள் ஒருத்தி.

பின்வரிசையில் நின்ற குண்டுப் பிள்ளை நெடுநேரம் யோசித்தாள். “எனக்குத் தெரியேல்லை, மிஸ்.”

“சரி. இன்னொருக்காப் போட்டுப் பாரும்” என்று சொல்லிவிட்டு ஆசிரியை மீண்டும் கழியை எடுத்தார்.